பல் தேய்மானம்: அமிலமா, கடிப்பா?

கேள்வி: நான் பயிற்சி பல் மருத்துவர். நோயாளிக்கு 34 வயது. மேல் முன்பற்களின் உட்புறம் வழவழவென்று கரைந்திருக்கிறது. கடைவாயில் வெள்ளி அடைப்பு பல்லைவிட மேடாக நிற்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகவும் சொல்கிறார். எதை நம்புவது?

பதில் 1: அந்த மேட்டை நம்புங்கள். கடித்துத் தேய்ந்திருந்தால் அடைப்பும் பல்லும் ஒன்றாகத் தட்டையாகியிருக்கும். மேல், கீழ்த் தேய்வுகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். இங்கே பல் மட்டும் கரைந்து அடைப்பு மேடாக நிற்பதால், இது அமில வேலை. உட்புறம் என்பதால் புளித்த ஏப்பம், வாந்தி பற்றிக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், பலர் கூச்சப்படுவார்கள்.

கேட்டவர்: படுத்தால் தொண்டைவரை புளிப்பு ஏறுமாம், ஆறு வருடமாக! இதுவரை யாருமே கேட்கவில்லையாம். மனசு கஷ்டமாகிவிட்டது.

பதில் 2: இரைப்பை மருத்துவரிடம் அனுப்புங்கள். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமாகத் தேய்ந்த பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள்; அதிகபட்சம் 18. இன்றே பல் அச்சும் எடுங்கள், பிறகு ஒப்பிட. கடிப்பும் கூடவே இருக்கலாம், விட்டுவிடாதீர்கள்.