சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடங்கும் வரை பற்றரியை எங்கே வைப்பது?

சுரேன்: மாமா, வள்ளத்தை முகத்துவாரத்தில் கரையேற்றியாச்சு. சோளகம் அடங்க எப்படியும் செப்டெம்பர் ஆகும். பற்றரி அதிலேயே கிடக்கட்டுமா, கழற்றவா?

ஜெயம் மாமா: கழற்று. முதலில் நெகட்டிவ், பிறகு பொசிட்டிவ். மாட்டும்போது மறுவளம். அதிலேயே விட்டால் ஜிபிஎஸ்சும் தண்ணீர் இறைக்கிற பம்பும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்தே காலியாக்கிவிடும்.

பெரியம்மா: கழற்றிக் கொண்டுவந்து குசினிக்குள் வைத்திருக்கிறான், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில்! கேட்டால் ப்ளக் அங்கேதானாம்.

ஜெயம் மாமா: டேய், அங்கே சார்ஜ் போடாதே. ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். பின்விறாந்தைக்குக் கொண்டுபோ, காற்றோட்டம் இருக்கும்.

சுரேன்: சரி சரி, எடுத்துவிட்டேன். சீமெந்துத் தரை சார்ஜை உறிஞ்சும் என்று பக்கத்து வீட்டு அங்கிள் பலகை தந்தார், உண்மையா?

ஜெயம் மாமா: அந்தக் காலத்து மரப்பெட்டிப் பற்றரிக்குச் சொன்ன கதை அது. இப்போது பிளாஸ்டிக் உறை, தரை ஒன்றும் செய்யாது. பலகை இருக்கட்டும், அசிட் ஒழுகினால் பெரியம்மா என்னைத்தான் ஏசுவா. மீற்றர் என்ன காட்டுகிறது?

சுரேன்: 12.2. 12 வோல்ட் பற்றரிதானே, அப்போ நிறைய இருக்கு?

ஜெயம் மாமா: அரைவாசிதான் இருக்கு. நிறைந்தால் 12.6, 12.7 காட்டும், அதுவும் சார்ஜரைக் கழற்றிச் சில மணித்தியாலம் விட்டுத்தான் பார்க்கவேண்டும், உடனே பார்த்தால் பொய் சொல்லும். இப்படி அரைகுறையாய் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு போட்டாலும் ஏறாது, பற்றரி சாவது பெரும்பாலும் இதனால்தான். இந்த வெக்கைக்குச் சும்மா வைத்தாலே இறங்கும். மாதம் ஒருக்கால் பார், 12.4க்கு வந்தால் திரும்பப் போடு.

பவானி அக்கா: தண்ணீர் விடவேண்டாமா? பைப் தண்ணீர் சரியா?

ஜெயம் மாமா: பைப் தண்ணீர் கூடவே கூடாது, டிஸ்டில் வாட்டர் மட்டும். தகடு வெளியே தெரிந்தால் அது மூடுகிற அளவுக்கு இப்போது விடு, மீதி சார்ஜ் ஏறிய பிறகு. முதலிலேயே நிரப்பினால் பொங்கி வழியும்.

சுரேன்: முனையில் பச்சையாய்ப் பூத்திருக்கு.

ஜெயம் மாமா: மூடிகளை இறுக்கிவிட்டு, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய். நுரைக்கும், பயப்படாதே. உள்ளே சொட்டும் போகக்கூடாது. கையுறை போடு. காய்ந்ததும் வாஸ்லின்.

பெரியம்மா: புது அப்பச்சோடா, முழுவதையும் கொட்டாதே!

சுரேன்: ஒரு கரண்டிதான் பெரியம்மா. மாமா, 100 ஆம்பியர் மணி என்று போட்டிருக்கு, எந்தச் சார்ஜர்?

ஜெயம் மாமா: 10 ஆம்பியர் காணும். நிறைந்ததும் தானாக நிற்கிறதாய்ப் பார்த்து வாங்கு, கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கும். நிற்காதது என்றால் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதே.