பிரிட்டிஷ் காமிக்ஸ் திரைக்குப் போனபோதும், திரை காமிக்ஸுக்கு வந்தபோதும்

நண்பர்களே, பிபிசியின் டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரை வைத்து வந்த சித்திரக்கதைகளை ஆரம்பத்திலிருந்து வாசிக்க உட்காருபவர்கள் முதல் பக்கத்திலேயே திகைப்பார்கள். 1964 நவம்பரில் டிவி காமிக் வார இதழில் தொடர் ஆரம்பமாகிறது. டாக்டர் இருக்கிறார், அவருடைய காலப்பயண வாகனமான டார்டிஸ் இருக்கிறது, ஆனால் கூட வருவது ஜான், கில்லியன் என்று இரண்டு பேரப்பிள்ளைகள். தொலைக்காட்சியில் அப்படி யாருமே கிடையாது. இதற்கு விடை உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. தொலைக்காட்சியில் டாக்டரோடு பயணித்த சூசன், இயன், பார்பரா மூவரும் அதில் அடங்கவில்லை.

டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளின் நிலைமை இன்னும் சிக்கல். அவற்றில் எழுத்தாளர் டெர்ரி நேஷனுக்குத் தனிப் பங்கு உண்டு. 1965 ஜனவரியில் டிவி செஞ்சுரி 21 (சுருக்கமாக டிவி 21) என்ற வார இதழ் தொடங்கியபோது டாலெக்குகள் அந்த இதழுக்குப் போய்விட்டன. வாரம் ஒரு முழு வண்ணப் பக்கமாக 104 இதழ்கள் ஓடிய அந்தத் தொடரில் டாக்டர் ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. டிவி காமிக் பக்கம் டாக்டர் இருந்தும் டாலெக் இல்லை. அந்த இடத்தை நிரப்ப ட்ராட் என்ற ரோபோக்களை உருவாக்கினார்கள். 1967-ல் டாலெக் உரிமை கைக்கு வந்ததும், டாலெக்குகளே ட்ராடுகளை ஒழித்துக்கட்டுவதாக ஒரு கதை போட்டுக் கணக்கை முடித்தார்கள்!

டிவி 21 டாலெக் தொடரை வாசிக்கும்போது பேரரசர் டாலெக்கைக் கவனியுங்கள். பொன்னிற உடல், அதன்மேல் பெரிய உருண்டைத் தலை. தொலைக்காட்சியில் பேரரசர் வந்தது அதற்குப் பிறகு, 1967-ல்தான். அந்தக் கதையை எழுதிய டேவிட் விட்டேக்கர்தான் சித்திரத் தொடரையும் எழுதியவர். ஆனால் திரையில் பேரரசர் இருந்த இடத்தைவிட்டு நகராத பிரம்மாண்ட இயந்திரமாக இருந்தார். அந்த உருண்டைத் தலை திரைக்கு வர 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

* * *

மேலே நண்பர் சொன்னது டாக்டர் ஹூ திரையிலிருந்து காமிக்ஸுக்கு வந்த கதை. அதற்கு எதிர்த்திசையில் ஒன்று: 'தி ஸ்டார் பீஸ்ட்'. பேட் மில்ஸ், ஜான் வேக்னர் கதைக்கு டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1980-ல் டாக்டர் ஹூ வீக்லியில் வந்தது. 2023 நவம்பர் 25 அன்று ரஸல் டி டேவீஸ் அதைத் தொலைக்காட்சிக் கதையாக்கினார்.

காமிக்ஸில் மீப் என்ற பஞ்சுப்பொதி போன்ற ஜீவன் விண்கலத்தோடு வந்து விழுகிறது. பிள்ளைகள் அதைப் பாவம் என்று நினைத்து ஒளித்துவைக்கிறார்கள். அதன் மனதுக்குள் ஓடுவதோ முழு விஷம். அந்த எண்ணங்களை வாசகருக்கு மட்டும் எழுத்தில் காட்டிவிடுகிறார்கள். கதையின் சுவையே நமக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பதில்தான்.

இந்த உத்தி திரைக்கு அப்படியே வராது. மனக்குரலாகப் பேசவைத்தால் நகைச்சுவைத் துண்டாகிவிடும். டேவீஸ் எண்ணங்களை அடியோடு எடுத்துவிட்டார். திரையில் மீப்பின் உண்மை முகம் நடுவில் வெடிக்கும் திருப்பமாகிறது. மிரியம் மார்கலிஸின் குரல் குழைவிலிருந்து உறுமலுக்கு மாறுவது, எண்ணக் குமிழிகள் செய்த வேலையை ஒரே நொடியில் செய்கிறது. இழப்பும் உண்டு. திரையில் ஒரு அதிர்ச்சிதான் கிடைக்கிறது, காமிக்ஸில் பக்கத்துக்குப் பக்கம் படபடப்பு. எனவே இரண்டையும் ஒப்பிட நினைப்பவர்கள் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் படியுங்கள். வரிசை மாறினால் திருப்பம் பாழ்.

* * *

சாகச நாயகி மாடஸ்டி பிளைசியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சிவகாசியிலிருந்து 1984-ல் வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'தானே!

மூலம் 1963 மே மாதம் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் தொடங்கியது. எழுத்து பீட்டர் ஓடானல், ஓவியம் ஜிம் ஹோல்டவே. பெரும்பாலும் நாளுக்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டம் நேற்று விட்ட இடத்தை நினைவூட்டும், கடைசிக் கட்டம் நாளைய இதழை வாங்கவைக்கும். புத்தகமாகத் தொகுத்து ஒரே மூச்சில் படிக்கையில் கதை விக்கிவிக்கி நகர்வதுபோல் தோன்றுவது இதனால்தான். அகலவாக்கில் வரைந்த பட்டையை நெட்டுப் பக்கத்துக்கு அடுக்கும்போது கட்டங்களின் ஓரம் வெட்டுப்படும். அதோடு ஆங்கில வசனத்துக்கு அளந்து வைத்த பலூனில் தமிழ் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்கவேண்டும், இல்லையென்றால் வசனத்தைச் சுருக்கவேண்டும். சுருக்குவதே நல்லது, ஹோல்டவேயின் முகங்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

1966-ல் ஜோசப் லோசி இயக்கிய படத்துக்கு முதலில் திரைக்கதை எழுதியவரும் ஓடானல்தான். பலர் கைபட்டு அது உருத்தெரியாமல் போனது. ஆனால் அதையே அவர் நாவலாக்கி, படத்துக்கு முன்பே 1965-ல் வெளியிட்டுவிட்டார். படம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அறிய அந்த நாவல் போதும். மோனிகா விட்டியின் மாடஸ்டி பாட்டும் பகட்டுமாகத் திரிகிறாள். காமிக்ஸ் மாடஸ்டியின் அடக்கமும் திட்டமிடலும் அவளிடம் துளியும் இல்லை. அவளுடைய கூட்டாளி வில்லி கார்வினோடு காதல் கிடையாது என்பதுதான் தொடரின் முதுகெலும்பு. படம் அதிலேயே கைவைத்ததை மன்னிக்க முடியவில்லை.

* * *

எதிர்கால நகரமொன்றில் போலீசும் நீதிபதியுமாக இருக்கும் ஜட்ஜ் டிரெட் விஷயமும் அதே மாதிரிதான் சார், ஒரு விதியை மீறினால் மொத்தமும் சரிகிறது. 1977 மார்ச்சில் '2000 ஏடி' என்ற வாரப் பத்திரிகையின் இரண்டாம் இதழில் அறிமுகமான டிரெட்டின் முகம் வாசகருக்குக் காட்டப்படுவதில்லை. தெரிவது வாயும் தாடையும் மட்டும். 1995 படத்தில் ஸ்டாலோன் பெரும்பகுதி தலைக்கவசம் இல்லாமல் வருகிறார்.

2012 படத்தில் கார்ல் அர்பன் அதைக் கழற்றவே இல்லை. கண்ணே தெரியாத நாயகனை வைத்து ஒன்றரை மணி நேரத்தை எப்படி ஓட்டுவது? திரைக்கதை எழுதிய அலெக்ஸ் கார்லண்ட் பக்கத்திலேயே ஒரு முகத்தை வைத்தார். பயிற்சியில் இருக்கும் ஆண்டர்சனின் மனம் படிக்கும் ஆற்றலுக்குத் தலைக்கவசம் இடைஞ்சல் என்று ஒரே வரியில் காரணம் சொல்லியாயிற்று. பயமும் தயக்கமும் இரக்கமும் அவள் முகத்தில் தெரிகின்றன, டிரெட்டுக்கு உதட்டுச் சுழிப்பே போதும். டிரெட் சீருடையின் தோளில் இருக்கும் ராட்சதக் கழுகுச் சின்னத்தையும் சிறிதாக்கினார்கள். காகிதத்தில் கம்பீரமாக இருப்பது, நிஜ மனிதன் தோளில் ஏறினால் கழுத்தைத் திருப்பவிடாது.

ஸ்லோ-மோ என்ற போதைப்பொருள் காட்சிகளும் வெறும் பகட்டு இல்லை. காமிக்ஸ் கட்டம் ஒரு கணத்தை உறையவைக்கும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான பிரேம்கள் எடுக்கும் கேமராவால் படம் அந்த உறைவுக்குப் பக்கத்தில் போகிறது.

* * *

தண்டர்பேர்ட்ஸ் என்ற பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரின் காமிக்ஸைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிவி 21-ல் 1966 முதல் ஃப்ராங்க் பெல்லமி வரைந்தது நடுப்பக்கங்கள் இரண்டையும் சேர்த்த ஒரே சித்திரம். கட்டங்கள் மடிப்பைத் தாண்டி ஓடும். கெட்டி அட்டைத் தொகுப்பில் தையலுக்குள் நடுப்பகுதி விழுங்கப்பட்டுவிடும். வாங்குமுன் புத்தகம் முழுசாக விரிகிறதா என்று பாருங்கள், அல்லது பழைய இதழையே தேடுங்கள். கம்பியில் ஆடிய பொம்மைகளால் திரையில் ஒழுங்காக நடக்கக்கூட முடியாது. பெல்லமியின் தாளில் அதே நாயகர்கள் ஸ்காட்டும் வெர்ஜிலும் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள். அந்த ஓட்டம் பெரும்பாலும் மடிப்பைத் தாண்டித்தான் போகும்.