கலைச்சொல் உதவி: எஸ்டேட் கார் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

உவர்மலை ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொழிற்பயிற்சி வகுப்புக்காகப் பழைய வாகனம் வாங்குவது, பராமரிப்பது பற்றி ஒரு சின்னக் கையேடு தமிழாக்குகிறோம். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அதனால் இந்தப் பிள்ளைகள் கை வைக்கப் போவது இன்னும் பல வருசத்துக்குப் பழைய வாகனத்தில்தான். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயம் முழுக்க 'எஸ்டேட் கார்'. முதல் வரைவு செய்த தம்பி அதைத் 'தோட்டக் கார்' என்று போட்டுவிட்டார். நேற்று வகுப்பில் வாசித்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அது கொழுந்து ஏத்துற வாகனமோ?" என்று கேட்டது. பிள்ளையில் பிழை இல்லை. இந்த நாட்டில் எஸ்டேட் என்றால் தேயிலைதானே.

எஸ்டேட் காரின் கூரை பின்முனை வரை ஒரே மட்டமாகப் போகும். பின்கதவு மேலே திறக்கும். பின்சீற்றை மடித்தால் அலுமாரியே ஏறும். எங்கள் வீட்டில் இருபது வருசமாக ஒன்று நிற்கிறது. அதைத் தமிழில் கூப்பிட வேண்டிய தேவை மட்டும் இதுவரை வரவில்லை.

உப்புவெளி கராச் எழுதியது:

ரீச்சர், அது வேகன். டொயோட்டா டிஎக்ஸ் வேகன், நிசான் ஏடி வேகன். வேறு பெயர் போட்டால், என்னிடம் வேலை பழக வரும் பெடியனுக்கு நான் திரும்பவும் மொழிபெயர்க்க வேண்டி வரும்.

தம்பலகாமம் ஐயா எழுதியது:

வேகன் என்று எழுதத்தான் இந்தக் குழு வேண்டுமா? நம்மிடம் வண்டிக்குச் சொல் பஞ்சம் எப்போது வந்தது? சகடம், சாகாடு, பண்டி, பாண்டில், வையம். மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று குறள் 475 சொல்வது சாகாட்டை வைத்துத்தான்.

என் முன்மொழிவு 'ஒழுகை'. புறநானூறு 116இல் பாரி மகளிர் எண்ணிக்கொண்டு நிற்பது உப்பு வணிகரான உமணரின் ஒழுகையை, அதாவது உப்பு வண்டி வரிசையை. குடும்பமும் பண்டமும் ஒரே வண்டியில் போனது அந்த மரபில்தான். நிலாவெளி உப்பளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நாம் இந்தச் சொல்லை எடுக்காவிட்டால் வேறு யார் எடுப்பது?

உப்புவெளி கராச் எழுதியது:

ஐயா கோபிக்கக் கூடாது. உங்கள் ஏடி வேகன் போன மாதம் என் கராச்சில் நின்ற இடத்தில் இன்னும் ஒயில் கறை இருக்கிறது. ஒழுகிற வாகனத்துக்கு ஒழுகை என்றே பெயர் வைத்தால் யார் வாங்குவான்?

சென்னை நண்பர் எழுதியது:

இங்கே மகிழுந்து, பேருந்து, சரக்குந்து என்று ஒரு குடும்பமே இருக்கிறது. அதே வழியில் 'நெடுமகிழுந்து' எனலாமே. அப்புறம் ஒரு ஐயம். வேகன் என்பதே 'வேகம்' என்ற சொல்லிலிருந்து போனதாக இருக்கக் கூடாதா?

தம்பலகாமம் ஐயா எழுதியது:

கூடாது. ஆங்கிலத்துக்கு வேகன் வந்தது ஒல்லாந்தரிடமிருந்து. அதன் பழைய வேர் சுமந்து செல்லுதல் என்ற பொருளுடையது. வடமொழி 'வாகனம்' அதே வேரின் இன்னொரு கிளை. வேகத்துக்கும் இதற்கும் உறவில்லை. என் வேகனுக்கும் வேகத்துக்கும் உறவில்லை என்பதைக் கராச் தம்பி உறுதிப்படுத்துவார்.

கிண்ணியா எழுதியது:

ஐயா, இது நல்லா இருக்கிறது. வாகனமும் வேகனும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்றால், 'வாகனம்' நடுவீட்டில் இருக்கலாம், 'வேகன்' மட்டும் படலைக்கு வெளியே நிற்க வேண்டுமோ? அலுவலகத்துக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன 'கந்தோர்' என்ற சொல்லை உங்கள் தலைமுறைதானே வாய் நிறையச் சொன்னது?

நான் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவள். நாள் முழுக்கப் படிவங்களோடு மாரடிக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் சில வேகன் 'மோட்டார் கார்' என்று இருக்கும், சிலது 'டுவல் பேர்ப்பஸ்' என்று இருக்கும். அதைப் பார்த்து 'இருபயன் ஊர்தி' என்று போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வானும் டபுள் கெப்பும் அதே வகுப்புக்குள் வருகின்றன. சரிவராது.

'எஸ்டேட்' பிரித்தானிய வழக்கு. 'ஸ்டேசன் வேகன்' அமெரிக்க வழக்கு. ரயிலால் இறங்குகிற ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்ற, மரத்தால் உடம்பு கட்டிய வாகனங்கள் அவை. 1929இல் ஃபோர்ட் கம்பனி தன் ஏ மாடலில் அப்படி ஒன்றை விற்பனைக்கு விட்டது. இதை 'நிலைய வண்டி' என்றால் பிள்ளைகள் நம்ம ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கும் முச்சக்கர வண்டியைத்தான் காட்டுவார்கள்.

உவர்மலை ரீச்சர் எழுதியது:

இன்று புதன்.

ஒரு சிக்கலும் உண்டு. வகுப்பில் ஹாட்ச்பாக் என்ற குட்டைப் பின்பக்கக் காரையும் இதையும் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் பின்கதவு மேலேதான் திறக்கிறது. கராச் அண்ணா, நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?

உப்புவெளி கராச் எழுதியது:

தூணை எண்ணச் சொல்லுவேன். முன்கண்ணாடிப் பக்கம் ஒன்று. இரண்டு கதவுக்கும் நடுவில் இரண்டு. பின்கதவு முடிகிற இடத்தில் மூன்று. ஹாட்ச்பாக்கில் பெரும்பாலும் கூரை அதோடு சரிந்துவிடும். வேகனில் அதற்குப் பிறகும் ஒரு பக்கக் கண்ணாடி இருக்கும், அப்புறம்தான் நாலாவது தூண். பின்சில்லை, அதுதான் பின்சக்கரத்தை, தாண்டியும் கூரை நீளும்.

தம்பலகாமம் ஐயா எழுதியது:

அப்படியானால் 'நாற்றூண் ஊர்தி'. புணர்ச்சி சரி, பொருளும் சரி.

கிண்ணியா எழுதியது:

ஐயா, நாற்றூண் என்று வாசிக்கும்போதே மீன்பெட்டி ஏற்றிய வேகன் மாதிரி மணக்கிறது. தூணை விட்டுவிட்டுக் கூரையைப் பிடிப்போமே. 'நீள்கூரைக் கார்'.

சென்னை நண்பர் எழுதியது:

நீள்கூரை அழகு. ஆனால் 'கார்' எதற்கு? 'நீள்கூரை மகிழுந்து'.

உப்புவெளி கராச் எழுதியது:

மகிழுந்து என்று எழுதிய பில்லை நான் கொடுத்தால் வாடிக்கையாளர் மகிழ மாட்டார்.

பெயர் கிடக்கட்டும். வரைவை ரீச்சர் தனியே அனுப்பியிருந்தார், வாசித்தேன். இரண்டு பிழை. 'ரைமிங் பெல்ட் மாற்றவும்' என்று பொதுவாகப் போட்டிருக்கிறது. டிஎக்ஸ் வேகனின் 4கே எஞ்சினில் வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்துவது பெல்ட் இல்லை, சங்கிலி. இல்லாத பெல்டைத் தேடிப் பிள்ளைகள் கவரைக் கழற்றி வைப்பார்கள். அடுத்தது, 'துரு' என்று எழுதியிருக்கிறது. இங்கே யார் துரு என்கிறார்கள்? கறள் என்று போடுங்கோ. கடற்கரை ஊரில் பழைய வேகன் வாங்குகிறவன் எஞ்சினுக்கு முதல் கறளைத்தான் பார்க்க வேண்டும். பின்கதவின் கீழ்விளிம்பு, கூரையோரத் தண்ணீர்ப் பீலி, பின்சில்லு வளைவு. அதோடு டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பெயார் சில்லுக் குழிக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். மீன்பெட்டித் தண்ணீர் போய்த் தங்குகிற இடம் அதுதான். பெயின்ற் மேலே பளபளக்கும், உள்ளே விரலால் குத்தினால் அப்பளம்.

தம்பலகாமம் ஐயா எழுதியது:

கறள் என்பதை வழிமொழிகிறேன். ஆனால் 'ஸ்பெயார் சில்லு' என்று எழுத எப்படி மனம் வந்தது? புறநானூறு 102இல் ஔவை பாடுகிறார்: எருதுகளோ இளையவை, சகடத்தில் பண்டமோ நிறைய. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் 'சேம அச்சு' கட்டிவைக்கிறார்கள். அதைப்போன்றவன் நீ என்று அதியமான் மகன் எழினியைப் புகழ்கிறார். உமணரின் வண்டி, குடும்பச் சுமை, அடியில் மாற்று உறுப்பு. ரீச்சரின் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதித் தர முடியாது. 'சேமச்சில்லு' என்று போடுங்கள்.

உப்புவெளி கராச் எழுதியது:

சேமச்சில்லு. இது நல்லா இருக்கு ஐயா. பெடியனிடம் சொல்லிப் பார்த்தேன், கேள்வி கேட்காமல் போய் எடுத்து வந்தான்.

கிண்ணியா எழுதியது:

எனக்கும் சம்மதம்.

உவர்மலை ரீச்சர் எழுதியது:

நான் கேட்காத சொல் கிடைத்துவிட்டது. கேட்டது?

இன்னொன்றும் இருக்கிறது. பின்கதவைத் திறந்தபடி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை, வரைவில் 'பின்வாயில் மூடப்பட்டிருத்தல் விரும்பத்தக்கது' என்று ஏதோ கோயில் அறிவித்தல் போல இருக்கிறது. இதை நான் விடமாட்டேன். போன வருசம் திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்கு ஒரு மெத்தை கொண்டு போனோம். முழுதாக உள்ளே போகவில்லை. பின்கதவைப் பாதி தூக்கிக் கயிற்றால் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். பின்கதவைத் தாங்கும் காஸ் தண்டு எப்போதோ செத்துவிட்டதால் விளக்குமாற்றுத் தடியைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம். சாம்பல்தீவு தாண்டும்போது மகளுக்குத் தலையிடி, மகனுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. வெயில் என்று நினைத்தேன். இறங்கிய பிறகுதான் மெத்தையில் புகை மணத்தது. ஓடுகிற வேகனின் பின்னால் காற்றமுக்கம் குறையும், சைலன்சர் புகை திறந்த கதவால் உள்ளே இழுபடும். புகையாவது மணக்கும். அதற்குள் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. அந்த வரியை 'பின்கதவு திறந்திருந்தால் வாகனத்தை எடுக்காதே' என்று மாற்றிவிட்டேன். இதில் மட்டும் யாரும் திருத்தம் சொல்ல வேண்டாம்.

சென்னை நண்பர் எழுதியது:

'எடுக்காதீர்' என்றால் மரியாதையாக இருக்குமே?

உவர்மலை ரீச்சர் எழுதியது:

எடுக்காதே.

இன்று வியாழன் இரவு. இங்கே எழுதியவர்கள், தனி மடலில் சொன்னவர்கள் எல்லோரையும் எண்ணினேன். வேகன் ஆறு, நீள்கூரைக் கார் மூன்று, ஒழுகை ஒன்று. அந்த மூன்று பேரும் 'எப்படியோ முடியுங்கோ' என்ற தொனியில்தான் எழுதியிருக்கிறார்கள். 'வேகன்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் தடவை வரும் இடத்தில் 'நீள்கூரையுள்ள கார்' என்று ஒரு விளக்கம் இருக்கும். கறளும் சேமச்சில்லும் உள்ளே வந்துவிட்டன.

தம்பலகாமம் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குப் பணிகிறேன், உடன்படவில்லை. ஒழுகை என்பதைக் கடைசிப் பக்கச் சொல்லடைவிலாவது சேர்க்க இடமிருக்கிறதா? ஒரு வரி போதும்.

உவர்மலை ரீச்சர் எழுதியது:

இடமிருக்கிறது ஐயா. 'ஒழுகை: காண்க, வேகன்' என்று போட்டுவிட்டேன்.

உப்புவெளி கராச் எழுதியது:

ஐயா, செவ்வாய்க்கிழமை வாகனத்தைக் கொண்டு வாங்கோ. ஒயில் சீல் வந்திருக்கு.