புதுப்பிப்பு: சக ஊழியரிடம் ஆங்கிலத்தில் குறை சொல்வது எப்படி? வழி கிடைத்தது

சக ஊழியரின் அறிக்கை தாமதமாவதை அவர் மனம் நோகாமல் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

பலன் தந்தது, சூழல், செயல், விளைவு என்ற வரிசையில் பேசும் யோசனைதான். "யூ ஆர் ஆல்வேஸ் லேட்" என்பதை விட்டுவிட்டு, "த லாஸ்ட் டூ ரிப்போர்ட்ஸ் கேம் ஆன் ஃப்ரைடே, ஸோ ஐ குடன்ட் செக் த நம்பர்ஸ்" என்றேன். அவர் மறுக்கவே இல்லை. தனக்கே தரவு வியாழன் மாலைதான் வருகிறது என்றார். அப்புறம், "இஃப் யூ சென்ட் த டேபிள்ஸ் ஃபர்ஸ்ட், ஐ கேன் வெயிட் ஃபார் த ரெஸ்ட்" என்றதும் சம்மதித்தார்.

எதிர்பாராத ஒன்று: "ஐ ஹேவ் எ டவுட்" என்றபோது அவர் முகம் மாறியது. நமக்கு அது கேள்வி, அவருக்கு நம்பிக்கையின்மை. "கொஸ்டின்" என்றே சொல்லுங்கள்.