இம்ப்ராபிடிக்கு ‘நாணயக்கேடு’ என்று வைக்கலாம்

ஐயா, இம்ப்ராபிடி (improbity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘நேர்மையின்மை’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. அதை டிஸ்ஹானஸ்டிக்குக் (dishonesty) கொடுத்துவிட்டோம். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 2(7) பிரிவு அதற்கு வரையறையே தருகிறது: ஒருவருக்கு முறைகேடான ஆதாயமோ இன்னொருவருக்கு முறைகேடான இழப்போ உண்டாக்கும் எண்ணத்தோடு செய்வது. அது செயலைப் பற்றியது. இம்ப்ராபிடி ஆளின் குணத்தைப் பற்றியது, அதிலும் பொறுப்பில் இருப்பவரைச் சொல்லும்போது கனமாக வரும். பிரேசிலின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று (எண் 8429) அரசுப் பதவியில் நடக்கும் முறைகேட்டுக்கு இதே வேரில் வந்த போர்ச்சுக்கீசியச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

வேர் லத்தீன் ‘ப்ரோபஸ்’. நல்லது, யோக்கியமானது என்று பொருள், முன்னால் ‘இம்’ சேர்ந்து எதிர்ப்பதம் ஆகிறது. இந்த ப்ரோபஸ் மனிதருக்கு மட்டும் சொன்னதில்லை, தரமான வெள்ளிக்கும் அதுதான் சொல். கி.மு. 199இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தார் ரோமுக்குக் கப்பமாகக் கொண்டுவந்த வெள்ளி ‘ப்ரோபம்’ இல்லை என்று கருவூல அதிகாரிகள் சொன்னதாகவும், உருக்கிப் பார்த்ததில் கால்பங்கு கழிந்துபோனதாகவும் ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் மதுரை தெற்காவணி மூல வீதிதான் ஞாபகம் வந்தது. நகையை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கிற அந்தக் கடைத்தெருவில், ஒரு ஆளை நம்பிச் சரக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால் ‘நாணயமான மனுஷன்’ என்று சொல்வார்கள், வாக்குத் தவறினவரை ‘நாணயம் கெட்டுப்போச்சு’ என்பார்கள். காசுக்கும் குணத்துக்கும் ஒரே சொல், லத்தீனில் வெள்ளிக்கும் குணத்துக்கும் ஒரே சொல். இவ்வளவு பொருத்தம் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

‘படிறு’ (வஞ்சகம்) என்று இன்னொருவர் சொன்னது அழகான சொல்தான், ஆனால் குறள் 271இல் வரும் படிற்றொழுக்கம் வேடம் போட்டு மறைக்கிறவனுடையது. இம்ப்ராபிடிக்கு வேடம் வேண்டியதில்லை, பட்டப்பகலிலும் நடக்கும்.

நாணயம் ‘நாணகம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று தடை சொல்வீர்கள், தெரியும். நா நயம் என்று பிரித்து மேடையில் சொல்வதை நானும் வேராகக் காட்டமாட்டேன். ஆனாலும் அது கடைக்காரர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லார் வாயிலும் புழங்குகிற சொல், விளக்கம் கேட்காமல் புரியும்.

அதனால் எதிர்ப்பதமான ப்ராபிடிக்கு (probity) நாணயம், இம்ப்ராபிடிக்கு நாணயக்கேடு என்று ஜோடியாகப் பதியலாம். பெயரடையாக வரும் இடத்தில் ‘நாணயங்கெட்ட’ என்பது வசவு மாதிரி ஒலிக்கிறது, அங்கே ‘நாணயமற்ற’ சரியாக வருமா, சொல்லுங்கள்.