ஓர் எழுத்து மாறினால் நோய் வேறு, நான்கு எழுத்து விழுந்தால் வேறு: ஏன்?

கேள்வி: ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய மரபணுவில் ஓர் எழுத்து மாறி வருவது அரிவாள் செல் சோகை; புரதம் முழு நீளத்தில் உருவாகிறது. 41/42-வது கோடான்களில் (கோடான்: ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) நான்கு எழுத்து விழுந்த தலசீமியா என்ற பரம்பரைச் சோகையில் அந்தப் புரதமே இல்லையே?

பதில் 1: செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் எழுத்துகளை மும்மூன்றாகத்தான் படிக்கும். ஜிஏஜி (GAG) என்ற கோடான் ஜியூஜி (GUG) ஆனால் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வரும். மற்ற 145 அமினோ அமிலங்களும் மாறாது. நான்கு எழுத்து விழுந்தால் பின்னால் வருவதெல்லாம் நகர்ந்து, 59-வது கோடானிலேயே புரதத்தை முடித்துவிடும் நிறுத்தக் கோடான் வந்துவிடும். மூன்று விழுந்திருந்தால் வரிசை நகர்ந்திருக்காது.

பதில் 2: குறைப்புரதம்கூடத் தேறாது. நிறுத்தத்துக்கு அப்பால் எக்ஸான் இணைப்புப் புரதங்கள் (எக்ஸான் என்ற துண்டுகள் ஒட்டப்பட்ட இடங்களில் அமர்பவை) மிச்சமிருந்தால், செல் ரைபோசோம் படிக்கும் மரபணு நகலான அந்தத் தூது ஆர்.என்.ஏ.வையே சிதைத்துவிடும்.

பதில் 3: கவனம், புதிய பரிசோதனை அறிக்கைகளில் அரிவாள் செல் மாற்றத்தின் இடம் 6 என்பது 7 என்றிருக்கும். புரதத்தின் முதல் அமினோ அமிலமாக வரும் தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறார்கள், மாற்றம் ஒன்றுதான்.