டோபிரமேட், வால்ப்ரோயேட் எழுதும்போது கருத்தடையை யார் கேட்கிறீர்கள்?

அமெரிக்க வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) முதல்நிலை கிளினிக்குகளில் பெண் முன்னாள் படைவீரர்களைப் பார்ப்பவர்களிடம் ஒரு உதவி.

"அடுத்த ஓராண்டில் கர்ப்பமாக விருப்பமா?" என்பதை நர்ஸ் பி.பி. பார்க்கும்போதே கேட்டுவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். மைக்ரேனுக்கு ஒரு டாக்டர் டோபிரமேட் எழுதுவார். மனநலப் பிரிவில் இன்னொருவர் வால்ப்ரோயேட். இரண்டுமே கருவைப் பாதிக்கும். வால்ப்ரோயேட் இன்னும் மோசம்: குழந்தையின் மூளை, தண்டுவடமாக வளரும் நரம்புக்குழாய் சரியாக மூடாமல் போகலாம். கரு உருவான 4 வாரத்துக்குள் அது மூட வேண்டும், பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. டோபிரமேட் கையில் வைக்கும் கருத்தடை இம்ப்ளான்ட்டின் பலனையும் குறைக்கலாம். 3 மாத ஊசி, காப்பர்-டி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

மருந்து எழுதும் திரையிலேயே கருத்தடை முறையைக் கேட்கும் டெம்ப்ளேட் யாரிடமாவது இருக்கிறதா? சரிபார்ப்பது பார்மசிஸ்ட்டா, நர்ஸா? வெறும் எச்சரிக்கைப் பெட்டி வேண்டாம், அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். நோயாளி விவரம் நீக்கிய படிவம் போதும்.